உப்போடைக் கரையில மூணு வருசம்

2022 கார்த்திகைல ரெண்டு நாள் விடாம மழை பேஞ்சு முடிஞ்ச காலைல வெள்ளனா கெளம்பிப் போய் பாத்தப்ப, நாங்க நாலு மாசமா சீமக்கருவைய எடுத்து சுத்தம் பண்ணி வச்சிருந்த ஓடைக் கரைல பாதி இல்ல. அப்படியே பாளம் பாளமா பேந்து ஓடைக்குள்ள கெடந்துச்சு. கரை மேல இருந்த பாதை, சைக்கிள் போற அளவுக்கு இருந்தது, அதுல ஒரு அறுவது எழுவது அடி காணோம். தண்ணி செங்காமட்டியா கடலுக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. எனக்கு வந்த அழுகைய அடக்க முடியல, ஏன்னா அந்த மண்ணப் புடிச்சுக்கிட்டு இருந்த வேரையெல்லாம் புடுங்குனதே நாங்கதான்.

இத எழுதுறதுக்குக் காரணம், இப்ப நம்ம பக்கம் நெறைய ஊர்ல பசங்க ஞாயித்துக்கெழமை ஆனா சீமக்கருவை வெட்டப் போறாங்க, வெளியில இருந்து வந்து மண்டுன முள்மரம் அது, கம்மாக்கரைல மரம் நடுறாங்க, மனசுக்கு அவ்ளோ சந்தோசமா இருக்கு. ஆனா நாங்க பண்ணுன அதே தப்பத்தான் பாதிப்பேர் பண்றதப் பாக்குறேன். எங்க அனுபவம் ஒருத்தருக்கு உதவுனாலும் போதும்.

நான் ராமநாதபுரத்துல ஒரு மெடிக்கல் ஷாப்ல கணக்கு எழுதுறவ, செடி கொடி படிச்சவ இல்ல. எங்க அம்மா ஊரு தேவிபட்டினத்துக்கும் உப்பூருக்கும் நடுவுல, கெழக்குக் கடற்கரை ரோட்டுல இருந்து கடல் பக்கமா உள்ள போகணும். அங்கன ஒரு ஓடை இருக்கு. மேற்க ரெண்டு கம்மா நெறஞ்சு கலுங்கு பாஞ்சா அந்தத் தண்ணி இது வழியாத்தான் பாக் விரிகுடால போய் விழும், மத்த மாசமெல்லாம் கடல்தண்ணி உள்ள ஏறி எறங்கி உப்போடையாக் கெடக்கும். சின்னப் புள்ளைல நாங்க நண்டு புடிச்ச எடம். ரெண்டு கரைலயும் சீமக்கருவை மண்டி, ஓடை இருக்கறதே தெரியாத அளவுக்கு ஆயிருச்சு.

முதல் வருசம் நாங்க ஒரு பதினஞ்சு பேர். ஊராட்சில பேசுனோம், விஏஓ ஆபீஸ்ல ஒரு மனு, ஓடை புறம்போக்கு நீர்வளத்துறை கீழ வருதுங்கறதால அங்க ஒரு மனு. கடல் ஓரத்துல அலையாத்தி மரம் இருந்துச்சுன்னா வனத்துறைட்டயும் கண்டிப்பா கேக்கணும், இத யாரும் விட்டுராதீங்க. இன்னொண்ணு, வெட்டுற வெறகு யாருக்குப் போகும்னு முதல் நாளே பேசி எழுதி வச்சுருங்க. கருவை வெறகு எங்க மாவட்டத்துல காசு, புறம்போக்குல இருக்கறத ஏலம் விடுற வழக்கமும் இருக்கு. நாங்க அதப் பேசாம வெட்ட ஆரம்பிச்சு, மூணாவது வாரமே ஊருக்குள்ள ‘வெறகுக்காகத்தான் வாராய்ங்க’ன்னு பேச்சு வந்துருச்சு. அந்தப் பேச்சு அடங்க ஒரு வருசம் ஆச்சு.

ஆடி மாசம் ஒருத்தர் ஜேசிபி குடுத்தாரு, ரெண்டே நாள்ல இருநூறு மீட்டர் கரை மொட்டையாயிருச்சு. போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புனோம், முன்னாடி பின்னாடின்னு. எல்லாரும் கைதட்டுனாங்க. இப்ப அந்த முன்னாடி போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தா நெஞ்சு கனக்குது, ஏன்னா கருவைக்கு நடுவுல ஒரு உகா மரம் நிக்கிது, கீழ சங்கஞ்செடி புதர் புதரா இருக்கு, ஒரு விடத்தேரை கூட பூத்திருக்கு, ரோஸும் மஞ்சளும் கலந்து தொங்குற அந்தப் பூ. மூணுமே நம்ம நாட்டுச் செடிக. ஜேசிபி பக்கெட்டுக்கு எல்லாம் ஒண்ணுதான். அந்த உகா மரம் எத்தன வருசம் உப்புக்காத்துல நின்னுருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அத அரை மணி நேரத்துல எடுத்துட்டோம்.

அதுக்கப்புறம் கார்த்திகைல கரை போனது மேல சொல்லிட்டேன். அதோட விடல, தை மாசம் முந்நூறு மரக்கன்னு நன்கொடையா வந்துச்சு, புங்கை, வேம்பு, மயில்கொன்னை. மேல் கரைல நட்டோம், கேன்ல தண்ணி சொமந்து ஊத்துனோம். சித்திரைக்குள்ள முக்காவாசி கருகிப்போச்சு. நல்ல மரங்கதான், ஆனா ஓடைல இருந்து பத்தடி தூரத்துல மண்ணு வெள்ளையா உப்பு பூத்துக் கெடக்கற எடம் அதுகளுக்கான எடம் இல்ல.

அந்தச் சித்திரைலதான் அப்பத்தாவத் தெரிஞ்சுக்கிட்டேன். சொந்த அப்பத்தா இல்ல, அந்தப் பக்கம் கரிமூட்டம் போடுறவங்க, எல்லாரும் அப்பத்தான்னுதான் கூப்புடுவாங்க. கருவைய வெட்டி அடுக்கி, மேல வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காத்து போகாம நாள்கணக்கா புகைய விட்டு கரி எடுக்கறது எங்க மாவட்டத்துல ஆயிரக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு. நாங்க கருவைய ஒழிக்க வந்தவங்கன்னு அவங்க எங்ககிட்ட பேசவே இல்ல அதுவரைக்கும். நாங்க வெட்டுன கட்டைல இருந்து ஒண்ணு ஒண்ணுலயும் ஏழெட்டுக் கொழுந்து பொங்கி வந்துருந்துச்சு, நான் அருவாள வச்சு அத கொத்திக்கிட்டு இருந்தேன். அப்பத்தா பக்கத்துல வந்து நின்னு பாத்துட்டு, ‘ஏ தாயி, நீங்க எங்களுக்கு வெள்ளாமைதான பண்ணிக் குடுத்துருக்கீக’ன்னாங்க. எனக்கு வெளங்கல. அப்புறம் சொன்னாங்க, ‘கணுக்கால் ஒசரத்துல வெட்டுனா அது சாகாதுத்தா, நாங்க வேணும்னேதான் அப்புடி வெட்டுவோம், அப்பத்தான் மூணு நாலு வருசத்துல மறுக்கா வெறகு கெடைக்கும். சாகணும்னா மண்ணுக்குள்ள ஒரு முழம் தோண்டி அந்த முண்டோட எடுக்கணும்.’

கருவையப் பத்தி நான் படிச்சது, கேட்டது எல்லாத்த விடவும் இந்த ஒரு பேச்சு பெருசு. கொழுந்து வர்ற கண்ணெல்லாம் வேருக்கும் தண்டுக்கும் நடுவுல மண்ணுக்குள்ள இருக்கற அந்த முண்டுல இருக்கு, அது போற வரைக்கும் மரம் போகாது. ஜேசிபி கூட பாதி எடத்துல மேலோட்டமா ஒடிச்சுட்டுத்தான் போயிருந்துச்சு.

அப்பத்தாட்ட நான் கேட்ட அடுத்த கேள்வி, சரி தோண்டி எடுத்துரலாமான்னு. அதுக்கு அவங்க கரையக் காட்டி, ‘இங்கன தோண்டுனா என்னாகும்னு கார்த்திகைல பாத்தீகல்ல’ன்னாங்க. அதுதான் விசயம். சமதரைல முண்டோட தோண்டி எடுங்க. கரைச்சரிவுல கடப்பாரையே வைக்காதீங்க. சரிவுல இருக்கறத வெட்டி, கொழுந்து வர வர மாசம் ஒரு தடவ ஒடிச்சு விட்டுக்கிட்டே இருங்க, வேரு உள்ள மண்ணப் புடிச்சபடி மெல்ல மெல்ல சத்துக் கொறையும், அதுக்குள்ள நம்ம செடி வேர் புடிச்சுரும். ஒரே சமயத்துல முழுக் கரையையும் எடுக்காம பத்து மீட்டர் எடுத்தா அடுத்த பத்து மீட்டர விட்டுருங்க. மெதுவாத்தான் ஆகும், போட்டோக்கு அழகா இருக்காது, ஆனா கரை நிக்கும். 2022ல அரசு அந்நியத் தாவரங்களுக்குன்னு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, அதோட பேர்லயே சூழலை மீட்டெடுக்கறதும் சேர்ந்திருக்கு, ஐகோர்ட்டும் கருவைய எடுக்கச் சொல்லி பல தடவ உத்தரவு போட்டிருக்கு. எடுக்கற வேகத்துல எல்லாரும் ரெண்டாவது பாதிய மறந்துர்றோம்.

அதனால 2023ல அதுக்கப்புறம் நாங்க ஒண்ணுமே வெட்டல. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போய் என்ன இருக்குன்னு பாத்து துணி கட்டுனோம். தெரிஞ்ச நாட்டுச் செடிக்கெல்லாம் சேப்புத் துணி. இது கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா எங்க குரூப்புல பாதிப்பேருக்கு நாட்டுக்கருவேலத்துக்கும் சீமக்கருவைக்குமே வித்தியாசம் தெரியல. நாட்டுக்கருவேலம் பூ உருண்டையா மஞ்சளா இருக்கும், காய் மாலைல மணி கோத்த மாதிரி எடைஎடைல இறுகியிருக்கும். சீமக்கருவை பூ பூனைவாலு மாதிரி நீளமா தொங்கும், காய் பழுத்தா மஞ்சளா பட்டையா இருக்கும், கடிச்சா இனிக்கும். உடை மரத்தத் தப்பவே விட முடியாது, ராமநாதபுரம் காட்டுல கொடைய விரிச்சு வச்ச மாதிரி தட்டையா நிக்கிறது அதுதான், வெள்ளை முள்ளு, சுருண்ட காய். ஆனா சின்னக் கன்னா இருக்கும்போது எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும், சந்தேகம் இருந்தா கைவைக்காம துணி கட்டிட்டு பெரியவங்கள கேளுங்க.

தில்லை மரம் இருந்தா ஜாக்கிரதை. அத ஒடிச்சா வர்ற பால் தோல்ல பட்டா பொத்துரும், கண்ணுல பட்டா ரொம்ப மோசம். அது நம்ம மரம், அத வெட்ட வேண்டிய அவசியமே இல்ல.

அந்த வருசம் கவனிச்சதுல இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. ஓடையோட கீழ்ப்பக்கம், கடல் கிட்ட, கொஞ்சம் வெண்கண்டல் நின்னுச்சு, அலையாத்தில ஒரு வகை. எங்க மாவட்டத்துல அலையாத்திக் காடு இருக்கற காரங்காட்டுல படகுல போய் பாத்தவங்களுக்குத் தெரியும், அங்க காடா நிக்கிறது பெரும்பாலும் அதுதான், சேத்துல இருந்து பென்சில் பென்சிலா மூச்சுவேரு மேல நீட்டிக்கிட்டு இருக்கும், இலைய நக்கிப் பாத்தா உப்பு கரிக்கும். எங்க ஓடைல ஒரு சின்னப் பாலத்துக்குக் கீழ வரைக்கும் அது இருக்கு, பாலத்துக்கு மேற்க ஒண்ணு கூட இல்ல. மண்ணு ஒண்ணுதான், ஓடை ஒண்ணுதான். ஏன்னு எங்களுக்குப் புரியல. ஒரு மீன்புடிக்கிற அண்ணன்தான் சொன்னாரு, பாலத்துக்கு அடில தண்ணி போற கொழாய்க்குள்ள போய்ப் பாருங்கன்னு.

நம்ம பாக் விரிகுடாப் பக்கம் கடல் ஏத்தம் பெருசா இருக்காது, மத்த கடல் மாதிரி ஆள் ஒசரம் ஏறி எறங்குறதில்ல, முழக்கணக்குதான். அதனால கொழாய் வாய்ல அரை அடி மண்ணு மேடாகிட்டா போதும், கடல்தண்ணி அத தாண்டி உள்ள போகாது. உள்ள நின்ன தண்ணி வெயில்ல வத்தி வத்தி கடலவிட உப்பாகி, மண்ணு வெள்ளையா வெடிச்சுப்போகும், அப்புறம் கண்டல் கூட அங்க வராது. கொழாய்க்குள்ள என்ன இருந்துச்சுன்னா கிழிஞ்ச நைலான் வலை, சாக்கு, பிளாஸ்டிக் பாட்டில், கருவை முள்ளு, எல்லாம் சேறோட சேந்து இறுகி செவரு மாதிரி. அனுமதி வாங்கி ஆறு ஞாயித்துக்கெழமை கையாலயே அத எடுத்தோம். மெஷின் கொண்டு வரல. ஏழாவது வாரம் ஏத்தம் வந்தப்ப தண்ணி கொழாய்க்குள்ள நொழைஞ்சு மேற்க போறத நின்னு பாத்தோம், ரொம்ப மெல்ல, ஒரு நுரைக்கோடு மட்டும் நகந்து நகந்து போச்சு. எங்க கூட இருந்த ஒன்பதாங்கிளாஸ் பையன் அது பின்னாடியே நடந்து போனான், எது வரைக்கும் போகுதுன்னு குச்சி நட்டு வச்சான். நூத்தி இருவது தப்படி. அந்தக் குச்சி இன்னும் அங்கன இருக்கு.

அந்த ஐப்பசி கார்த்திகைல நாங்க கண்டல் வெதை பொறுக்கி நட்டோம். மரத்துல பச்சையா இருக்கறத பறிக்கக் கூடாது, தானா விழுந்து தண்ணில மெதக்கற வெதைய எடுத்து ஒரு நாள் ஓடைத்தண்ணிலயே போட்டு வச்சா தோல் கழண்டுரும், உள்ள முளை ரெடியா இருக்கும். அத சேத்துல புதைக்காம லேசா அழுத்தி விட்டா போதும். நானூறு வெதை கிட்ட நட்டிருப்போம், அடுத்த வருசம் எண்ணும்போது அறுவது சொச்சம்தான் உசுரோட இருந்துச்சு. கடல்பாசி ஒதுங்கி மேல மூடி கொஞ்சம் செத்துச்சு, ஆடு கடிச்சது கொஞ்சம். ஆனா பாலத்துக்கு மேற்க ஒரு வளைவுல, நாங்க ஒண்ணுமே நடாத எடத்துல, தண்ணி தானா கொண்டாந்து போட்ட வெதைல இருந்து எங்க அறுவதவிட அதிகமா கன்னு நின்னுச்சு. நானூறு வெதை நட்டதவிட அந்தக் கொழாய் அடைப்ப எடுத்தது பெரிய வேல. பணமோ ஆளோ கம்மியா இருந்தா முதல்ல தண்ணி எங்க நிக்கிது, ஏன் நிக்கிதுன்னு பாருங்க, நடுறதெல்லாம் அப்புறம்.

மத்த செடிகளுக்கு மண்ணுதான் சொல்லும். ஏத்தத் தண்ணி தொடுற எடத்துல கண்டல். அதுக்கு மேல உப்பு பூக்குற எடத்துல உமரியும் வங்கரவாசியும், உப்பத் தாங்குற தரைச்செடிக, இத நட வேண்டியதே இல்ல, மிதிக்காம விட்டாலே படரும், நாங்க முதல் வருசம் களைன்னு நெனச்சு சொரண்டி எறிஞ்சது இதத்தான். அப்பத்தா உமரியப் பறிச்சு வேகவச்சு உப்புத்தண்ணிய வடிச்சுட்டுக் கடைவாங்க. ‘உமரி வந்துருச்சுன்னா மண்ணு தேறுது, ஒரு வருசம் விட்டு மத்தத வையி’ன்னாங்க, நாங்க அப்படித்தான் செஞ்சோம். சரிவுக்கு நடுவுல சங்கஞ்செடி, உகா. உகா பழம் குருவி திங்கும், குருவியே கொண்டு போய் வெதைக்கும். உப்பு கொறஞ்ச மேல் கரைல பூவரசு போத்து, நொச்சிக் குச்சி, ரெண்டும் மழைக்காலத்துல ஊனி வச்சா புடிச்சுரும். கரைக்கு வெளிப்பக்கம் பனை. பனங்கொட்டைய முளைக்க வச்சு எடுத்து நடாதீங்க, அதோட முளை முதல்ல நேரா கீழதான் போகும், அது ஒடிஞ்சா அவ்ளோதான். புரட்டாசில நேரா குழிக்குள்ள போட்டு மூடிட்டு மறந்துரணும், இலை வெளிய தெரிய பல மாசம் ஆகும், வரலன்னு தோண்டிப் பாத்து நெறைய பேர் கெடுத்துர்றாங்க.

ஆட்டு விசயத்துல நாங்க முதல்ல சண்டை போட்டோம், அது தப்பு. அறுவடை முடிஞ்சா ஆட்டு மந்தையோட கெடை போட வர்ற கீதாரிங்க காலங்காலமா அந்த வழியத்தான் ஓட்டிட்டுப் போறாங்க. உக்காந்து பேசுனப்ப அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, ஊருணிக்குப் போற பாதைய அடைக்காதீங்கன்னு. பாதைய விட்டுட்டு மத்த எடத்துல வெட்டுன கருவை முள்ளையே காயவச்சு அடுக்கி வேலி போட்டோம், கம்பிவேலிக்கு காசு கேட்டு அலைஞ்சதெல்லாம் வீணு. அந்த முள்ளுக் கட்டுகள தேங்காநார்க் கயித்துல கட்டி கரை அடில வரிசையா முளையடிச்சு வச்சோம், மழைத்தண்ணி வேகம் அதுல அடிபட்டு, பின்னாடி வண்டல் நின்னுச்சு. ஆனா ஒரு விசயம் கீதாரிட்டயும் சொன்னோம்: கருவைக்காய் தின்ன ஆடு மாடு புழுக்கை போடுற எடமெல்லாம் கருவை மொளைக்குது, அதனால கரைல மட்டும் கெடை வேணாம்னு. அவரு அத மறுக்கல, ‘எங்களுக்குத் தெரியாதாம்மா’ன்னு சிரிச்சாரு.

முள்ளப் பத்திச் சொல்லியே ஆகணும். ரப்பர் செருப்போட யாரையும் எறங்க விடாதீங்க. எங்க கூட வந்த தம்பிக்கு உள்ளங்கால்ல முள்ளு ஒடிஞ்சு உள்ளயே நின்னு, ரெண்டு வாரம் கால் வீங்கி வேலைக்குப் போகல, கடைசில கீறித்தான் எடுத்தாங்க. தடிச்ச அடிப்பாகம் உள்ள ஷூ, தோல் கையுறை, தூரத்துல இருந்து இழுக்க தொரட்டி, டிடி ஊசி போட்டிருக்காங்களான்னு கேட்டுக்கறது. காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஒன்பதுக்குள்ள முடிச்சுருங்க, அதுக்கு மேல அந்த உப்புவெளில வெயிலு தாங்காது.

பொம்பளைங்க வேலைக்கு வந்தா ஒதுங்க எடம் எங்கன்னு முதல்லயே யோசிங்க. இத யாரும் எழுத மாட்டேங்குறாங்க, ஆனா எங்க குழுவுல முதல் வருசம் வந்த அஞ்சு பேர்ல மூணு பேர் இதனாலதான் வராம நின்னுட்டாங்க.

2024 நவம்பர் 20 உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. எங்க ஓடை தீவுல இல்லதான், ஆனா அந்த வாரம் இங்கயும் நல்ல மழை, மேற்க கலுங்கு பாஞ்சு ஓடை ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சு. நான் அன்னைக்கு ராத்திரி தூங்கல. மறுநாள் மழை விட்டதும் அம்மா ஊருக்குப் போன் போட்டு, யாராவது போய் பாருங்கன்னேன். அப்பத்தாவே போய் பாத்துட்டு பேரன் போன்ல பேசுனாங்க. முள்ளுக்கட்டு வச்ச எடமும், விட்டு விட்டு வெட்டுன எடமும் நின்னுருச்சு. ஜேசிபி விட்ட எடத்துல இன்னொரு இருவது அடி போயிருச்சு.

அந்த எடம் இன்னும் ஆறல. மழை விட்டு மண்ணு ஈரமா இருக்கற மார்கழி தைல நாங்க கருவைக் கன்னு புடுங்கப் போவோம், அப்ப ரெண்டு வெரல்ல இழுத்தா ஆணிவேரோட வந்துரும், மாசி பொறந்து மண்ணு இறுகிட்டா கடப்பாரை வேணும். அந்த மொட்டை எடத்துலதான் அதிகமா மொளைக்குது, நெழல் இல்லாத வெறும் மண்ணு அதுக்கு அவ்ளோ பிடிக்கும். வெதை மண்ணுக்குள்ள வருசக்கணக்கா காத்துக் கெடக்கும்னு சொல்றாங்க, அதனால இந்த வேலைக்கு இப்போதைக்கு முடிவு இல்லன்னு ஏத்துக்கிட்டோம். போன தைல அங்க மட்டும் ஒரே காலைல ரெண்டு சாக்கு கன்னு புடுங்குனோம். உகா மரம் நின்ன குழிக்குப் பக்கத்துல, ஒரு சாண் ஒசரத்துல, உகாக் கன்னு ஒண்ணு வந்துருக்கு. பழைய வேர்ல இருந்து வந்துச்சா, குருவி போட்டுச்சான்னு தெரியல. சேப்புத் துணி கட்டி, சுத்தி முள்ளு வச்சுட்டு வந்தோம். இந்தப் புரட்டாசிக்கு அந்த மொட்டைச் சரிவுலயும் முள்ளுக்கட்டு எறக்கப் போறோம்.